சுரின் என்றொரு அண்ணன்

"உங்கள் அண்ணன் சுரின் இப்போது எங்கே இருக்கிறார்?"

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி இதைப் பிரெஞ்சில், மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார். கேட்டது என் மகள் தரணியிடம். அவளுக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. அவளுடைய குடியுரிமை விண்ணப்பத்துக்கான நேர்காணல் அது. அறைக்குள் சூடாக்கி அளவுக்கு மிஞ்சி வேலை செய்ய, எங்கள் சப்பாத்துகளில் ஒட்டியிருந்த பனி கரைந்து நாற்காலிகளுக்குக் கீழே தேங்கி நின்றது.

தரணி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் திரும்பி இவரைப் பார்த்தேன். இவர் என்றால் என் கணவர் தவராசா. இவருக்குப் பார்க்க வேறு ஆள் இல்லாததால் சுவரைப் பார்த்தார்.

எங்களுக்கு ஒரே பிள்ளை. அது தரணி. அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. ஒரு பூனை கூட இல்லை.

அதிகாரி ஒரு கடதாசியை எடுத்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். கனடாவுக்கு வந்த புதிதில் நாங்களே கையெழுத்து வைத்துக் கொடுத்த சத்தியக் கடதாசி. தரணிக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அதற்குப் பதிலாகக் கொடுத்தது. அதில் பிள்ளையின் தகப்பன் பெயர் என். தேவன். தாயின் பெயர் சிறிமாலி. மூத்த சகோதரன் சுரின், வயது நான்கு.

"அப்படியானால், நீங்கள் இரண்டு பேரும் இந்தப் பிள்ளைக்கு யார்?"

இந்த நாட்டில் என்னிடம் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். நான் பெற்ற பிள்ளைக்கு நான் யார் என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. என் பிரெஞ்சு அந்த இடத்தில் நின்றுபோனது. தமிழும் வரவில்லை.

முப்பது நாளுக்குள் ஆதாரம் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவராவிட்டால் கோப்பு வேறு பகுதிக்குப் போகும் என்றார். பொய்யான சத்தியக் கடதாசி, மறைக்கப்பட்ட ஒரு பிள்ளை, இரண்டும் சின்ன விஷயங்கள் அல்ல. தரணியின் குடியுரிமை மட்டுமல்ல, அவள் இந்த நாட்டில் இருப்பதே கேள்வியாகலாம். அதையும் மரியாதையாகத்தான் சொன்னார்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து, "அந்தச் சுரினின்ரை கதையை எப்ப எழுதப் போறியள்?" என்று கடையில் கறிவேப்பிலை வாங்கும்போதுகூட என்னைப் பிடித்துக் கேட்கிறார்கள். மொன்றியல் தமிழருக்கு ஒரு கதை பாதி தெரிந்தால் நித்திரை வராது. ஆகவே முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

பேந்து

பார்க் மெற்றோவில் இறங்கி வீட்டுக்கு நடந்தோம். மூன்று மாடிப் படியேறிக் கதவைப் பூட்டியதும் தரணி வெடித்தாள்.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. நான் தத்துப்பிள்ளையா?"

"விசரே உனக்கு? உன்னைப் பெத்த நோவு எனக்கெல்லோ தெரியும்."

"அப்ப ஆர் அந்த சிறிமாலி? அப்பான்ரை முதல் மனுசியா?"

இவர் குடிக்க எடுத்த தண்ணீரைக் கீழே வைத்தார். "கடவுளே, எனக்கு ஒரு மனுசியோடையே..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு வசனத்தை முடிக்கவில்லை.

இவரிடம் ஒரு சொல் உண்டு. பேந்து. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு அது 'பிறகு' என்று அர்த்தம். இவருக்கு அது ஒரு வாழ்க்கை முறை. குழாய் ஒழுகுகிறதா, பேந்து. பல் வலிக்கிறதா, பேந்து. நாங்கள் இரண்டு பேரும் குடியுரிமை எடுத்தபோது தரணிக்கும் சேர்த்து எடுத்திருக்கலாம். பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள், அது இல்லை, "பேந்து பாப்பம்" என்றார். நானும் சரி என்றேன். குற்றத்தை இவர் தலையில் மட்டும் போட்டால் அது அநியாயம்.

இதில் என் பங்கு பெரியது. அந்தச் சத்தியக் கடதாசி பிரெஞ்சில் இருந்தது. வந்து நாலு மாதத்திலேயே எனக்குப் பிரெஞ்சு நன்றாக வரும் என்று நாங்கள் இருந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதி முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான். தெரிந்ததெல்லாம் 'போன்ஜூர்', 'மெர்சி', கடைக்காரரிடம் விலை கேட்பது. ஒருவரிடமும் வாசித்துச் சொல்லக் கேட்க மானம் விடவில்லை. தலையை ஆட்டி ஆட்டி வாசிப்பதுபோல் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தேன்.

குளங்களின் நாடு

தரணி பிறந்தது தாய்லாந்தில். தாய்நாடு என்ற சொல் எங்கள் வீட்டில் அவளுக்கு மட்டும்தான் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும்.

பாங்கொக்கில் ஒரு சந்துக்குள், கடதாசி ஒன்றும் இல்லாமல் நாங்கள் ஒளிந்திருந்த காலம் அது. கட்டடத்துக்குக் கீழே தள்ளுவண்டியில் சூப் விற்ற பெண்ணின் பெயர் பா நோய். முதல் நாள் அந்தப் பெயரைக் கேட்டு நான் பயந்தே போனேன். அவர்கள் மொழியில் பா என்றால் பெரியம்மா, நோய் என்றால் சின்னவள். சின்னப் பெரியம்மா. என் வயிற்றில் பிள்ளை ஏழு மாதமாக இருக்கும்போது சந்தில் பொலிஸ் சோதனை கூடியது. பா நோய் வண்டியை மூடி வைத்துவிட்டு, "என்னுடைய ஊருக்கு வா" என்று என் பையைத் தூக்கிக்கொண்டார். கிடைத்த கூலி வேலையை விடமுடியாமல் இவர் அங்கேயே நின்றார்.

ஒரு பகல் முழுக்க பஸ். பிறகு பக்கப்பெட்டி பூட்டிய மோட்டார் சைக்கிள். இறங்கிப் பார்த்தால் கண் எட்டும் மட்டும் தட்டை நிலம். மழையை நம்பிய ஒரு போக நெல் வயல். வயலுக்கு ஒரு குளம், குளத்துக்கு நாலு எருமை. தெற்கே தூரத்தில் நீலக் கோடாக ஒரு மலைத்தொடர், அதற்கு அந்தப் பக்கம் கம்போடியா. தூண்களின் மேல் மரவீடுகள், அவற்றின் கீழே பட்டுத்தறி. காலையில் அடுப்பில் வேகும் அரிசியில் மல்லிகை மணத்தது.

நான் திருகோணமலைக்காரி. குளத்தின் பெயரில் ஊர்கள் இருப்பது எனக்குப் புதினமில்லை. அங்கேயும் அதே வழக்கம். நோங் என்றால் குளம், கோக் என்றால் மேட்டுநிலம், ஹுவாய் என்றால் ஓடை. பெயரைச் சொன்னாலே தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று தெரிந்துவிடும்.

அந்தச் சோற்றில் ஒரு கல்லும் இருந்தது. அந்த ஊரில் எட்டு மாதம் இருந்து நான் பேசக் கற்ற 'தாய்' மொழி, தாய் மொழியே இல்லை. எல்லைப்புறக் கெமர் மொழி. இது எனக்குத் தெரியவந்தது மொன்றியலில். சென்ட் லோரன்டில் மருந்துப் பெட்டி அடுக்கும் தொழிற்சாலையில் லெக் என்ற தாய்லாந்துப் பெண் என்னோடு வேலைக்குச் சேர்ந்தபோது, பெருமையாக "ஸீ பாய்?" என்று கேட்டேன். சாப்பிட்டியா என்று அர்த்தம். அவள் விழித்தாள். "அக்கா, இது எந்த நாட்டு மொழி?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எட்டு மாதப் பெருமை ஒரு நிமிடத்தில் போனது.

தூணில் கட்டிய குரல்

அந்த ஊரின் நிர்வாகத்தை நான் ஒரு ஒலிபெருக்கியிடம்தான் படித்தேன்.

விடிந்ததும் விடியாததுமாக, உயரமான தூணில் கட்டிய ஒலிபெருக்கி கரகரக்கும். ஒரு பாட்டு போகும். பிறகு ஊர்த்தலைவர் தொண்டையைச் செருமுவார். யாருடைய எருமை காணாமல் போனது, எந்த வாய்க்காலை யார் மறித்தது, நாய்களுக்கு ஊசி போட எப்போது வருவார்கள், எல்லாம் வரும். அங்கே அவரைப் பூயாய்பான் என்பார்கள். எங்கள் பக்கத்து விதானையாரைப் போல. ஒரு வித்தியாசம், அவரை ஊர்ச்சனமே வாக்குப் போட்டுத் தெரிவு செய்யும். எங்கள் விதானையாருக்கு நாங்கள் வாக்குப் போட்டிருந்தால் ஒன்று கூட விழுந்திருக்காது.

அவர் தலைவராக இருக்கும் கிராமத்துக்கு ஒரு எண் உண்டு. பா நோயின் கிராமம் மூ நான்கு. இப்படிப் பல கிராமங்கள் சேர்ந்தால் ஒரு தம்பொன். அதற்குத் தலைவர் கம்னான். பல தம்பொன் சேர்ந்தால் ஒரு அம்போ. அம்போக்கள் சேர்ந்தால் சங்வாட், அதாவது மாகாணம்.

அம்போ என்ற சொல்லைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. எங்கள் தமிழில் ஆளை நட்டாற்றில் கைவிட்டால் அம்போ என்று விட்டுவிட்டார்கள் என்போம். அங்கே அம்போ என்றால் எங்கள் ஊர்க் கச்சேரி மாதிரி ஒரு அரசாங்க அலுவலகம், கொடிக்கம்பம், ரோசா நிறப் பூமரம். அம்போவின் அதிபர் மட்டும் ஊர்ச்சனம் தெரிவு செய்தவர் அல்ல, தலைநகரத்து அமைச்சு அனுப்பியவர். திருவிழா நாளில் வெள்ளைச் சீருடை போட்டு வேர்த்துக்கொண்டு நிற்பார்.

தரணி பா நோயின் வீட்டில்தான் பிறந்தாள். சுகாதார நிலையத்து மருத்துவிச்சி சைக்கிளில் வந்தார். பிள்ளையைப் பதிய வேண்டும் என்று பா நோய் ஒற்றைக்காலில் நின்றார். தொலைபேசியில் இவர் ஒரே பிடியாக, "வேண்டாம், ஒரு கந்தோர்ப் பக்கமும் போகாதை, பிடிச்சுப்போடுவாங்கள். பேந்து பாப்பம்" என்றார். நானும் பயந்தேன்.

பிள்ளைக்கு ஐந்து மாதமாக இருக்கும்போது கனடாவிலிருந்து ஒரு தேவாலயக் குழு எங்களைப் பொறுப்பெடுத்த செய்தி வந்தது. புறப்படும் காலையில் பா நோய் விலாசம் சொன்னார். "போனதும் கடிதம் போடு" என்றார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவசரமாக எழுதினேன். நீட்டி எழுத நேரமில்லை. தமிழருக்குத்தான் எதையும் முதலெழுத்தாக்கிவிடும் கை உண்டே.

கடிதம் போடவில்லை. பதினெட்டு வருடமாகப் போடவில்லை. இதை எழுதும்போது இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்று எழுத்து

நேர்காணல் முடிந்த அன்று மாலையே அலுமாரியைத் தலைகீழாகப் புரட்டினேன். குறிப்புப் புத்தகம் தையல் பெட்டிக்குக் கீழே கிடந்தது. கடைசிப் பக்கத்துக்கு மேல், "தரணி, பிறந்த இடம்" என்று எழுதிக் கோடு போட்டிருந்தேன். இடம் என்ற சொல்லின் மேல் எண்ணெய்க் கறை பட்டு அது அழிந்துபோயிருந்தது. அதற்குக் கீழே:

மூ. 4
த. நோங் தேவன்
அ. சிறி மாலி
ச. சுரின்

மூ நான்கு. தம்பொன் நோங் தேவன். அம்போ சிறி மாலி. சங்வாட் சுரின்.

நான் சத்தம் போட்டுச் சிரிக்கத் தொடங்கினேன். பிறகு அழுதேன். இவர் இரண்டுக்கும் காரணம் தெரியாமல் வாசலில் நின்றார்.

"இஞ்சேருங்கோ, இந்தப் புத்தகத்தை அண்டைக்கு ஆரிட்டைக் குடுத்தனீங்கள்?"

"குணம் அண்ணையிட்டை. பிள்ளையின்ரை விபரம் எல்லாம் இதிலை இருக்கு எண்டு குடுத்திட்டு வேலைக்கு ஓடினனான்."

குணம் அண்ணையை எங்கள் பகுதியில் தெரியாதவர்கள் இல்லை. பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் இருந்து, வந்து இறங்கிய சனத்துக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர். ஒரு சதம் வாங்க மாட்டார். பிரெஞ்சைத் தன் சொந்த முயற்சியில் அகராதி வைத்துப் படித்தவர்.

அடுத்த நாள் மூன்று பேரும் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

"ஓம், வடிவா ஞாபகம் இருக்கு. த எண்டால் தகப்பன். அ எண்டால் அம்மா. ச எண்டால் சகோதரம். மூ நாலு எண்டால் மூத்தவனுக்கு நாலு வயசு."

"நோங் தேவன் எண்டு ஒரு தமிழனுக்குப் பேர் இருக்குமே, அண்ணை?"

"நோங் இனிஷல் எண்டு நினைச்சன், பிள்ளை."

இவர் பொறுக்கமாட்டாமல் கேட்டார். "அண்ணை, பிள்ளைக்கு நாங்கள்தானே தாய் தகப்பன். எங்களை ஒருக்காக் கேட்டிருக்கலாமெல்லோ?"

குணம் அண்ணை தலையைக் குனிந்துகொண்டார்.

"செத்துப்போன ஆற்றையோ பிள்ளையை நீங்கள் எடுத்து வளர்க்கிறியள் எண்டு நினைச்சன், தம்பி. அந்தக் காலத்திலை அப்பிடி எத்தினை பேர். கேட்டால் உங்கடை மனம் நோகும் எண்டு கேக்கேல்லை."

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் இந்த மனிதர் தரணிக்கு மட்டும் தனியாகச் சொக்லேற் கொண்டுவருவார். அவள் தலையைத் தடவுவார். ஒருமுறை அவளைத் தைப்பொங்கல் நாளில் நான் ஏசியபோது, "அந்தப் பிள்ளையை ஏசாதை, பிள்ளை" என்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். இவ்வளவு வருடமும் அவர் எங்கள் இரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறார். எங்களுக்கே தெரியாத இரகசியம்.

அவரிடம் சண்டை பிடிக்கப் போயிருந்தேன். அந்த நினைப்புப் போய்விட்டது.

"மாமா, அப்ப அந்தச் சொக்லேற் எல்லாம் நான் அநாதை எண்டோ தந்தனீங்கள்?" என்று தரணி கேட்டாள்.

"ஓமடி, பிள்ளை."

"திருப்பித் தர ஏலாது. திண்டிட்டன்."

அந்த வீட்டில் அன்று முதன்முதலாகச் சிரிப்புக் கேட்டது.

ஏணியில் இறங்கினோம்

பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது. ஆனால் குறிப்புப் புத்தகத்துத் தமிழ் எழுத்தை நம்பி எந்த அதிகாரி முத்திரை குத்துவார்? ஊரில் ஏதாவது பதிவு இருக்க வேண்டும். நான் அறிய இல்லை. இருந்தாலும் கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். இந்தத் தடவை இவர் வாயிலிருந்து பேந்து வரவில்லை.

லெக்கை வீட்டுக்குக் கூப்பிட்டு ஆட்டிறைச்சிக் கறியும் பிட்டும் போட்டேன். இங்கே இரவுச் சாப்பாடு முடிகிற நேரம் அங்கே அரசாங்கக் கந்தோர் திறக்கிற நேரம். தொலைபேசியை மேசை நடுவில் வைத்தோம்.

முதலில் மாகாண அலுவலகம். அவர்கள் அம்போவின் எண்ணைக் கொடுத்தார்கள். அம்போவில் எழுதுவினைஞர் ஒருவர் கணினியில் தேடினார். தரணி என்ற பெயரில் ஒரு பிறப்பும் இல்லை. லெக் மெதுவாக அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது தரணி என் கையைப் பிடித்தாள்.

"கிராமத்தில் கேட்டுப் பாருங்கள்" என்று சொல்லி அவர் கம்னானின் எண்ணைக் கொடுத்தார். கம்னான் வயலில் நின்றார், காற்றுச் சத்தம் கேட்டது. அவர் மூ நான்கின் தலைவர் எண்ணைக் கொடுத்தார். இப்போது ஒரு பெண்தான் தலைவர் என்றார். மாகாணத்திலிருந்து தொடங்கி ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கி அடிப்படிக்கு வந்துவிட்டோம். அதற்குக் கீழே நிலம்தான்.

மணி மூன்று முறை அடித்தது. "ஹலோ" என்று ஒரு குரல். பின்னால் சேவல் கூவியது.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். லெக் வாயைத் திறக்குமுன், எனக்குத் தெரிந்த அந்த ஓட்டைக் கெமரில் நான் கத்தினேன்.

"பா நோய்! ஸீ பாய்?"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. பிறகு, "மாலா?"

என் பெயர் செல்வமலர், கூப்பிடுவது மலர். உலகத்தில் என்னை மாலா என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். நான் தேம்பித் தேம்பி அழுததை இதில் எழுத எனக்குக் கூச்சமில்லை.

பா நோய் அழவில்லை. ஏசினார். லெக் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தாள். "பதினெட்டு வருடம் கடிதம் இல்லை என்கிறார். பாங்கொக் வண்டியை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டாராம். ஊர் அவரைத் தலைவராக்கிவிட்டதாம். உன்னை நன்றி கெட்டவள் என்கிறார். அதைக் கொஞ்சம் பலமாகவே சொன்னார், அக்கா."

"சொல்லட்டும். பிள்ளையைப் பதிஞ்சதா எண்டு கேள்."

லெக் கேட்டாள். அந்தப் பக்கமிருந்து நீண்ட பதில் வந்தது. லெக்கின் கண்கள் பெரிதாகின.

"நீ பயந்து நடுங்கிக்கொண்டு கிடந்தாயாம். உன்னைக் கேட்காமல் அவரும் அப்போதைய தலைவருமாக அம்போவுக்குப் போய்ப் பதிந்துவிட்டார்களாம். மருத்துவிச்சியின் கடிதமும் கொடுத்தார்களாம். தங்கள் கிராமத்தில் பிறந்த பிள்ளை கணக்கில்லாமல் போகக்கூடாது என்றாராம் தலைவர். சான்றிதழ் வந்தபோது நீ பாங்கொக் போய்விட்டாய். உன் கடிதம் வந்தால் அனுப்பலாம் என்று பிஸ்கற் தகரத்துக்குள் வைத்திருக்கிறாராம்."

"அம்போவிலை இல்லை எண்டாங்களே!"

இதைக் கேட்டதும் பா நோய் ஒரு சத்தம் போட்டார், லெக் தொலைபேசியைத் தள்ளி வைத்தாள். "தரணி இல்லையாம். தோரணி! அந்தச் சொல் எங்கள் மொழியிலும் இருக்கிறது, பூமி என்று அர்த்தம். நாங்கள் தோரணி என்றுதான் எழுதுவோம்."

இவர் எழுந்து குசினிக்குள் போனார். தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார். முகம் கழுவுகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

பா நோய் அன்றே மோட்டார் சைக்கிளில் அம்போவுக்குப் போனார். அதே எழுதுவினைஞரை எழுப்பி நிறுத்தி உறுதிப்படுத்திய பிரதி எடுத்தார். தலைவருக்குரிய காக்கிச் சீருடை போட்டுக்கொண்டு போனாராம். அம்போ எங்களை அம்போ என்று விடவில்லை.

மேசையில் ஒரு படம்

தபாலில் வந்த சான்றிதழைப் பார்த்ததும் இவருக்கு மறுபடி வேர்த்தது. பிறந்த வருடம் இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் என்று இருந்தது. "பிள்ளை இன்னும் பிறக்கவே இல்லையே!" என்றார். அவர்கள் புத்தர் கணக்கில் வருடம் எண்ணுபவர்கள் என்று லெக் விளக்கிய பிறகுதான் மூச்சு விட்டார். மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, முத்திரை வைத்து, முப்பது நாளில் நான்கு நாள் மிச்சம் இருக்க அதே அறைக்குப் போனோம்.

அதே அதிகாரி. அதே சூடாக்கி. இந்த முறை நான் கதைப்பது என்று வீட்டிலேயே தீர்மானம். பிரெஞ்சில்தான். இரண்டு கிழமை கண்ணாடி முன் நின்று பாடமாக்கியிருந்தேன்.

"மதாம், இந்தப் பிள்ளையின் தகப்பன் ஒரு குளம்" என்று தொடங்கினேன்.

அவர் பேனையைக் கீழே வைத்தார்.

ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கிப் பெட்டி வரைந்தேன். சின்னப் பெட்டி, கிராமம் நான்கு. "அண்ணனின் நான்கு வயது இதுதான்." அதைச் சுற்றிப் பெரிய பெட்டி. "இது தம்பொன் நோங் தேவன், தேவனின் குளம். இதுதான் தகப்பன்." அதைச் சுற்றி இன்னொன்று. "இது அம்போ சிறி மாலி. இதுதான் தாய். நெல் விளையும் நிலம், தெற்கே மலை." எல்லாவற்றையும் சுற்றி ஒரு வட்டம். "இது மாகாணம் சுரின். பட்டுக்கும் யானைக்கும் பெயர் போனது. நீங்கள் தேடுகிற அண்ணன் இவர்தான். அவரை நாங்கள் மறைக்கவில்லை. மறைக்கக்கூடிய அளவும் இல்லை."

குறிப்புப் புத்தகத்தையும் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். த, அ, ச. மூன்று எழுத்தும் தமிழில் எதைக் குறிக்கும், தாய் மொழியில் எதைக் குறிக்கும் என்று விரலால் தொட்டுக் காட்டினேன்.

அதிகாரி நெடுநேரம் பார்த்தார். சான்றிதழில் தகப்பன் என்ற இடத்தில் தவராசா. தாய் என்ற இடத்தில் என் பெயர். அவருடைய தோள் மெல்லக் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பிறகு வாய்விட்டே சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

தானும் காஸ்பே பக்கத்துச் சின்ன ஊர்க்காரி என்றார். தன் ஊர் எந்த மாவட்டத்தில், எந்தப் பிரதேசத்தில் என்று மொன்றியலில் ஒருவருக்கும் தெரியாது என்றார். "ஆனால் என் மாவட்டத்தை யாரும் என் அம்மா என்று எழுதியதில்லை" என்றார்.

பழைய கடதாசியைத் திருத்திப் புதிய சத்தியக் கடதாசி ஒன்று கொடுங்கள், அதோடு சரி என்றார். நான் வரைந்த படத்தைத் திருப்பிக் கேட்டேன். தரவில்லை. கோப்பில் வைக்கப்போவதாகச் சொன்னார். கனடா அரசாங்கத்தின் ஒரு கோப்புக்குள் என் கையால் வரைந்த சுரின் மாகாணம் இருக்கிறது. எனக்கு அதில் வலு பெருமை.

பெயர் சொல்லுங்கோ

புதிய கடதாசியைக் குணம் அண்ணைதான் நிரப்ப வேண்டும் என்று தரணி பிடிவாதமாக நின்றாள். அவர் பேனையை எடுத்தார். ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாக வாசித்தார்.

"தகப்பன் பெயர்?"

"தவராசா!" இவர் போட்ட சத்தம் கீழே பலசரக்குக் கடை வரை கேட்டிருக்கும்.

"தாய் பெயர்?"

"செல்வமலர்." நானும் சத்தமாகத்தான் சொன்னேன்.

"சகோதரம்?" குணம் அண்ணை கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"எழுதாதேங்கோ, மாமா. மனதிலை வைச்சிருப்பம்" என்றாள் தரணி.

அதன் பிறகு எல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. சத்தியப்பிரமாணம் எடுத்த அன்று மாலை பா நோயை வீடியோவில் அழைத்தோம். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. லெக் செய்தியைச் சொன்னாள். பா நோய் தொலைபேசியையும் தூக்கிக்கொண்டு நடந்தார். பாட்டு ஒன்று கேட்டது. பிறகு அந்தக் கரகரப்பு. பதினெட்டு வருடத்துக்குப் பிறகு அதே தூண், அதே ஒலிபெருக்கி.

"மூ நான்கு மக்களே" என்று லெக் எங்களுக்கு மொழிபெயர்த்தாள். "நம் கிராமத்தில் பிறந்த தோரணி இன்று கனடாக்காரி ஆனாள். எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். அத்தோடு நாளைக்கு நாய்களுக்கு ஊசி."

ஊருக்குள் எங்கேயோ சனம் கூவும் சத்தம் கேட்டது. எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் நாங்களும் கூவினோம். கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் தன் வீட்டுக் கூரையில் இடித்தார். அதைப் பற்றி எங்களுக்குக் கவலையே இல்லை.

போன மாதம் கடவுச்சீட்டு வந்தது. தரணி உறையைக் கிழித்த கையோடு மடிக்கணினியைத் திறந்து விமானச் சீட்டுத் தேடத் தொடங்கினாள்.

"எங்கை போறாய்?" என்று இவர் கேட்டார்.

"அப்பா, அம்மா, அண்ணா மூண்டு பேரையும் பாக்கப் போறன். நீங்களும் வாறியளோ?"

நான் இவருடைய வாயைப் பார்த்தேன். இந்த வீட்டில் இந்த மாதிரிக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இதுவரை வந்திருக்கிறது.

இவர் நாற்காலியை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தார்.

"எனக்கும் ஒரு ரிக்கற் போடு. உன்ரை மற்ற அப்பாவோடை நான் ஒருக்காக் கதைக்கோணும்."